எட்டு மீட்டர் காற்று

மேல்காற்று வேண்டும்,
வினாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில்.
கூடினாலும் குறைந்தாலும் அளவு செல்லாது.
அதற்காக ஒன்பது நாள்
விடுதி அறையில் வானிலையைப் பார்த்துக் கிடந்து
பத்தாம் நாள் அந்தியில்
ஜட்லாந்தின் மேற்குக் கரையில்
ரூனாவின் வாசலில் ஒரு மைக்கை நட்டேன்,
படுக்கையறையில் இன்னொன்று.

மூன்று கால், பஞ்சுத் தொப்பி.
"இதற்குக் காது கேட்குமா?" என்றாள்.
"கேட்கும். தூக்கம்தான் கிடையாது."
விளையாட்டாகத்தான் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.

எழுநூறு மீட்டர் தள்ளி
வில்லாட்ஸின் உருளைக்கிழங்கு வயலில்
மூன்று காற்றாலைகள்.
பகலில் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது.
வெள்ளை, நிதானம்,
உலகத்துக்கு நல்லது செய்கிற முகம்.
ரூனாவும் அதைத்தான் சொன்னாள்:
நிலக்கரிக்காகப் பேசுகிறவள் என்று
கடையில் என்னைப் பார்க்கிறார்கள்,
நானோ அவற்றில் நான்கு பங்கு வாங்கியவள்.

முதல் லாபப் பணத்தில்
சன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி போட்டார்கள்,
அந்த ஒலி உள்ளே வராமலிருக்க.
அது வந்தது.
கடலும் வானம்பாடியும்தான்
வெளியே நின்றுவிட்டன.

எஸ்பென் இரவு வேலைக்குக் கிளம்பினான்,
ஹெர்ரிங் மீன் வெட்டும் ஆலைக்கு.
காரில் ஏறுமுன் குரலைத் தாழ்த்தி,
"எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.
இதை அவளிடம் சொல்லிச் சொல்லியே
ஒரே கட்டிலில் இரண்டு வீடு ஆகிவிட்டது" என்றான்.

நள்ளிரவுக்குமேல் காற்று ஏறியது.
ஆறு. ஏழு. ஏழரை.
இரண்டு மணிக்கு எட்டு.
கணினியின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
பச்சைக் கோடு சீராக ஓடி
திடீரென்று தடித்தது.
தடதடவென்று துள்ளியது.
இத்தனை வருடத்தில்
எந்தக் காற்றாலையும் போட்டதில்லை அப்படி ஒரு கோடு.

எழுந்து போனேன்.
சமையலறைக்குப் பின்னால்
துணி துவைக்கும் எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.
அதன்மேல் கன்னத்தை வைத்து
கண்மூடி நின்றிருந்தாள் ரூனா.

"மன்னித்துவிடுங்கள். மறந்துவிட்டேன்.
தினமும் இந்த நேரத்துக்குப் போடுவேன்.
இந்தச் சத்தத்துக்குள் புகுந்துகொண்டால்
நாற்பது நிமிடம் தூங்கலாம்."
உள்ளே இருந்தவை
துவைத்து மடித்து வைத்திருந்த விரிப்புகள்.

நிறுத்தச் சொன்னேன்.
நிறுத்தச் சொல்வதுதான் என் வேலை.
உருளை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி
பெருமூச்சுபோல் ஓய்ந்தது.
பிறகு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்,
மேசையில் அவள் ஆள்காட்டி விரல்
தட்டத் தொடங்கும்வரை.
ஒன்று.
ஒன்று.
ஒன்று.
விரல் விழும் இடத்திலெல்லாம்
தொலைவில் யாரோ
கனமான கம்பளியை உதறினார்கள்.
செவியில் அல்ல,
விலா எலும்புக்குக் கீழே எங்கோ.

கோப்பில் எழுதினேன்:
இரண்டு பத்து முதல் மூன்றுவரை
வீட்டு எந்திர இடையூறு. நீக்கப்பட்டது.
மீதி நேரம் முப்பத்தொன்பது டெசிபல்.
வரம்புக்குள்.
விரலுக்குக் கட்டம் எதுவும் இல்லை.

அதற்குள் காற்று ஆறாகிவிட்டது.
இனி அளந்து பயனில்லை.
ஈர விரிப்புகளை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்து
இருட்டிலேயே கொடியில் போட்டோம்.
விரிப்பு படபடத்தது, அடங்கியது,
எதையோ யோசித்து
மறுபடி படபடத்தது.

"இந்தச் சத்தம் பரவாயில்லை" என்றாள்
கவ்வியை வாயில் வைத்துக்கொண்டே.
"இதற்கு நடுவில் நிற்கத் தெரிகிறது."